ஜெல் வைத்தார்கள், ஏன் இன்னும் வலி வரவில்லை?

பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. காலை எட்டு மணிக்கு ஜெல் வைத்தார்கள். மதியம் போய் மாலையும் வந்துவிட்டது. அடிவயிற்றில் லேசான இழுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. மருந்து வேலை செய்யவில்லையோ, அளவு போதவில்லையோ, டாக்டர் மறந்துவிட்டாரோ என்று ஆளுக்கொரு சந்தேகம்.

குழப்பத்துக்குக் காரணம் நாம் வைத்திருக்கும் பெயர்தான். 'வலி வருவதற்கு ஜெல்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்த ஜெல்லின் முதல் வேலை வலியை வரவழைப்பதல்ல. கருப்பை வாயைப் பக்குவப்படுத்துவது. வலி சிலருக்குக் கூடவே தொடங்கும். பலருக்கு அதன் பிறகு, வேறொரு மருந்தால்தான் தொடங்கும். இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மருத்துவமனையில் நடப்பதில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

கருப்பையை ஒரு கவிழ்த்து வைத்த குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை இருப்பது குடத்தின் வயிற்றில். கீழே, பிறப்புப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குறுகிய கழுத்துத்தான் கருப்பை வாய். சில புத்தகங்கள் கருப்பைக் கழுத்து என்றும் எழுதும், இரண்டும் ஒன்றே. அதன் நீளம் சுமார் 3 முதல் 4 சென்டிமீட்டர். குடத்தின் வயிறு பெரும்பாலும் தசை, அதனால் அது சுருங்கி விரியும். கழுத்தில் தசை கொஞ்சம்தான். மீதியெல்லாம் கொலாஜன் என்ற நார்ப்புரதம். தோலுக்கும் தசைநாண்களுக்கும் வலுவைத் தருகிற அதே நார்.

இந்த அமைப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒன்பது மாதம் குழந்தை, பனிக்குட நீர், நஞ்சு (நஞ்சுக்கொடி) என எல்லாவற்றின் எடையும் இந்தக் கழுத்தின் மேல்தான் இறங்குகிறது. தசையாக மட்டும் இருந்திருந்தால் என்றோ களைத்துப் போயிருக்கும். முறுக்கேறிய கயிறுபோல நார்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக் கிடப்பதால்தான் பூட்டு நிலைத்து நிற்கிறது. அதே பூட்டுத்தான் பிரசவத்தன்று 10 சென்டிமீட்டர் அகல வாசலாகவும் மாற வேண்டும்.

அந்த மாற்றம் ஒரே நாளில் நடப்பதில்லை. கடைசி வாரங்களில் நார்களை அறுக்கும் நொதிகள் கூடுகின்றன. நீரை இழுத்துப் பிடித்துவைக்கும் ஹையலுரானிக் அமிலம் திசுவுக்குள் சேர்கிறது. நார்களுக்கு இடையே நீர் புகுந்து பின்னல் தளர்கிறது. காய்ந்து விறைத்த தாம்புக்கயிறு நீரில் ஊறி இளகுவதை நினைத்துக்கொள்ளலாம். விரலால் தொட்டுப் பார்க்கும் மருத்துவருக்கு இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். இதைப் புரிந்துகொள்ள உங்கள் மூக்கின் நுனியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பக்குவமாகாத கருப்பை வாய் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். பிறகு உதட்டை அழுத்திப் பாருங்கள். பக்குவமானது அப்படி இருக்கும்.

பக்குவம் என்ற சொல் இந்த இடத்துக்கு அச்சாகப் பொருந்துவதாக எனக்குத் தோன்றும். திறப்பது வேறு, பக்குவமாவது வேறு என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

சரி, பக்குவமாகாத வாயோடு வலியை மட்டும் வரவழைத்தால் என்ன ஆகும்? டிரிப்பில் ஏற்றும் ஆக்சிடோசின் கருப்பையின் தசையைச் சுருக்கும் மருந்து. 1950-களில் வின்சென்ட் டு விக்னோ அதைச் செயற்கையாக உருவாக்கி, 1955-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். சக்தி வாய்ந்த மருந்துதான். ஆனால் அது பேசுவது தசையோடு, கழுத்தில் இருப்பதோ நார். மேலிருந்து அலை அலையாக அழுத்தம் வரும். கீழே கதவு அசையாது. தாய் மணிக்கணக்கில் வலியைத் தாங்கிக் களைத்தபின், 'வாய் திறக்கவில்லை' என்று சிசேரியனில் போய் முடியும் கதைகளில் பல இந்த வகைதான். முதலில் கழுத்தை இளக்கிவிட்டுப் பிறகு தசையைத் தூண்டுவது என்ற வரிசை இதனால்தான் வந்தது.

எவ்வளவு இளகியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அமெரிக்க மகப்பேறு மருத்துவர் எட்வர்ட் பிஷப் 1964-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். இன்றுவரை உலகெங்கும் பிரசவ அறைகளில் புழங்குவது அதுதான். உள்பரிசோதனையில் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, கழுத்து எவ்வளவு குறுகி மெலிந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, தொட்டால் கெட்டியா மென்மையா, பின்பக்கம் திரும்பியிருக்கிறதா முன்பக்கம் வந்துவிட்டதா. முதல் மூன்றுக்குத் தலா 3 மதிப்பெண், கடைசி இரண்டுக்குத் தலா 2, மொத்தம் 13. ஆறோ அதற்குக் கீழோ என்றால் பொதுவாகப் பக்குவம் போதாது என்பார்கள். எட்டு அல்லது அதற்கு மேல் என்றால், வலியைத் தூண்டினால் இயல்பாக வந்த வலியைப் போலவே சுகப்பிரசவத்தில் முடிய நல்ல வாய்ப்பு.

வெளியே இருப்பவர்களுக்கு வந்து சேரும் செய்தியோ 'ஒரு விரல் திறந்திருக்கிறது' என்பது மட்டும்தான். அது எவ்வளவு குறையான செய்தி என்று பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பெண்கள். இருவருக்கும் வாய் ஒரு விரல், அதாவது ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர். திறப்புக்கு இருவருக்கும் 1 மதிப்பெண். முதல் பெண்ணுக்குக் கழுத்து இன்னும் நீளமாக, கெட்டியாக, பின்பக்கம் திரும்பி இருக்கிறது. தலையும் உயரத்திலேயே நிற்கிறது. மற்ற நான்குக்கும் சுழியம். மொத்தம் 1. இரண்டாம் பெண்ணுக்குக் கழுத்தில் அறுபது எழுபது சதவீதம் மெலிந்துவிட்டது, அதற்கு 2. தலை இறங்கியிருக்கிறது, அதற்கு 2. தொட்டால் உதடுபோல் மென்மை, அதற்கு 2. நடுவுக்கு வந்திருக்கிறது, அதற்கு 1. மொத்தம் 8. இருவருக்கும் அதே 'ஒரு விரல்'தான். முதல் பெண்ணுக்கு ஜெல் வேண்டும். இரண்டாம் பெண்ணுக்கு நேராக டிரிப் போடலாம். 'அவளுக்கு வைக்காத ஜெல்லை இவளுக்கு மட்டும் ஏன் வைக்கிறார்கள்' என்ற கேள்விக்குப் பதில் அந்த நான்கு வரிகளில் இருக்கிறது.

அந்த மருந்து எது?

கருப்பை வாயை இளக்க உடல் தானே பயன்படுத்தும் வேதிப்பொருள்கள் புரோஸ்டகிளாண்டின்கள். பெயரே ஒரு பழைய தவறின் நினைவுச்சின்னம். 1930-களில் சுவீடனின் உல்ஃப் வான் ஆய்லர் ஆணின் விந்துநீரில் இந்தப் பொருளைக் கண்டார். புராஸ்டேட் சுரப்பியில்தான் உண்டாகிறது என்று எண்ணி அந்தப் பெயரை வைத்தார். உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களும் இதைத் தயாரிக்கின்றன என்பது பிற்பாடு தெரியவந்தது. பெயரை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. இந்தத் துறை ஆய்வுகளுக்காக 1982-இல் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன், வேன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிரசவ வலியைத் தூண்ட இவற்றைப் பயன்படுத்திய தொடக்ககால ஆய்வு ஒன்று 1968-இல் வெளியானது. உகாண்டாவின் கம்பாலாவில் சுல்தான் கரீமும் உடன் பணியாற்றியவர்களும் செய்தது.

புரோஸ்டகிளாண்டின் உடலில் நெடுநேரம் வாழ்வதில்லை. பிறந்த இடத்திலேயே வேலையை முடித்துவிட்டுச் சிதைந்துவிடும். ரத்தத்தில் கலந்தாலும் நுரையீரல் வழியாக ஒரு சுற்று வருவதற்குள் பெரும்பகுதி அழிந்துவிடும். ஊசியாகப் போடாமல் வேலை நடக்க வேண்டிய இடத்திலேயே ஜெல்லாக வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்று புழக்கத்தில் இருக்கும் மருந்துகள் முக்கியமாக இரண்டு. முதலாவது டைனோபுரோஸ்டோன். இது உடலில் இயல்பாகவே உண்டாகும் புரோஸ்டகிளாண்டின் ஈ2-வேதான். நாம் 'ஜெல்' என்று சொல்வது பெரும்பாலும் இதை. சிறிய சிரிஞ்சில் அடைத்து வரும், ஒரு சிரிஞ்சில் மருந்து அரை மில்லிகிராம். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள். எடுத்தவுடன் வைப்பதில்லை, அறை வெப்பத்துக்கு வரும்வரை மேசையில் கிடக்கும். அவசரப்பட்டு வெந்நீரிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது என்று மருந்துக் குறிப்பே எச்சரிக்கிறது. செவிலியர் சிரிஞ்சை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதைக் கண்டு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிறகு அதைக் கழுத்தின் குழாய்க்குள் செலுத்துவார்கள். வழிந்துவிடாமல் இருக்க பதினைந்து முதல் முப்பது நிமிடம் மல்லாந்து படுத்திருக்கச் சொல்வார்கள். ஆறு மணி நேரம் கழித்துப் பரிசோதித்து, தேவைப்பட்டால் அடுத்தது. ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் போவதில்லை.

இதே மருந்து பட்டையாகவும் வருகிறது. விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, அட்டைபோல மெல்லிய துண்டு. வலைபோல் பின்னிய சிறு பைக்குள் இருக்கும், பையோடு நீளமான நாடா. மருந்து 10 மில்லிகிராம். ஈரத்தை உறிஞ்சி ஊறி, மணிக்கு 0.3 மில்லிகிராம் அளவில் கசியும். இதன் அருமை அந்த நாடாவில்தான் இருக்கிறது: வலி அளவுமீறிப் போனால் நாடாவைப் பிடித்து இழுத்தால் போதும், மருந்து வெளியே வந்துவிடும். ஜெல்லை அப்படித் திரும்ப எடுக்க முடியாது.

இரண்டாவது மிசோபுரோஸ்டால். இதன் கதையே தனி. இது வயிற்றுப்புண்ணுக்காகச் செயற்கையாக உருவாக்கிய புரோஸ்டகிளாண்டின் மாத்திரை. மூட்டுவலி மருந்துகளால் இரைப்பையில் புண் வராமல் தடுக்க 1988-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கருப்பையைச் சுருக்கும் என்பதால் கர்ப்பிணிகள் தொடக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. அந்தப் பக்கவிளைவையே மகப்பேறு மருத்துவர்கள் பின்னர் கருவியாக்கிக்கொண்டார்கள். விலை குறைவு, குளிர்பெட்டி தேவையில்லை. மின்சாரம் நிலையில்லாத மருத்துவமனைகளுக்கு இது சாதாரண விஷயமல்ல.

சிக்கல் அளவில் இருக்கிறது. வயிற்றுப்புண் மாத்திரை ஒன்றில் இருப்பது 200 மைக்ரோகிராம். நிறைமாத வாயை இளக்க ஒரு வேளைக்குத் தேவை 25 மைக்ரோகிராம், அதாவது எட்டில் ஒரு பங்கு. அந்தச் சின்ன மாத்திரையை எட்டாக வெட்டிப் பாருங்கள். ஒரு துண்டு பெரிதாக, இன்னொன்று தூளாக வரும். துண்டு தோறும் மருந்தளவு மாறும் என்பதால் இது ஆபத்தான வேலை. அதனால் பல மருத்துவமனைகள் ஒரு முழு மாத்திரையை 200 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, நன்றாகக் கலக்கி, அதிலிருந்து 25 மில்லிலிட்டர் குடிக்கக் கொடுக்கின்றன. மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம், கணக்கு நேராகிவிடுகிறது. 25 மைக்ரோகிராம் அளவிலேயே தனி மாத்திரைகளும் இப்போது கிடைக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டலில், வாய்வழியாக என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 25 மைக்ரோகிராம், பிறப்புப் பாதையில் வைப்பதானால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 25 மைக்ரோகிராம் என்று பரிந்துரைத்தது. இவை குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் வசதியும், தேவைப்பட்டால் உடனே அறுவை செய்யும் வசதியும் உள்ள இடத்துக்கான அளவுகள். வீட்டில் வைத்துப் பார்க்கும் மருந்து இதுவல்ல.

ஏன் அவ்வளவு எச்சரிக்கை? புரோஸ்டகிளாண்டின் கழுத்தை இளக்குவதோடு நிற்பதில்லை. மேலே உள்ள தசையையும் சீண்டும். சிலருக்கு அது எல்லை மீறிப் போகும். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் அதை மிகைச் சுருக்கம் என்கிறார்கள். அரை மணி நேரம் பார்த்துச் சராசரி எடுப்பது வழக்கம். ஒவ்வொரு வலியின்போதும் கருப்பைத் தசை இறுகி, நஞ்சுக்குப் போகும் ரத்தக் குழாய்களை நெருக்குகிறது. அந்த நேரத்தில் குழந்தை சேமிப்பை வைத்துத்தான் சமாளிக்கிறது. இரண்டு வலிகளுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வில்தான் மறுபடி ஆக்சிஜன் நிரம்புகிறது. நீச்சல்காரர் தலையைத் தூக்கி மூச்சு வாங்கும் நேரம்போல. அந்த இடைவெளி சுருங்கினால் குழந்தையின் இதயத்துடிப்பு தடுமாறும். உடனே பட்டையை உருவிவிட்டு, தாயை இடப்பக்கம் திரும்பிப் படுக்கவைத்து, தேவையானால் கருப்பையைத் தளர்த்த டெர்புட்டலின் ஊசி போடுவார்கள். வயிற்றில் பெல்ட் கட்டி மணிக்கணக்கில் துடிப்பைப் பதிவு செய்வது சம்பிரதாயத்துக்காக அல்ல.

மற்றபடி நடுக்கம், காய்ச்சல், குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியவை வரலாம். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

யாருக்கு வைக்கக் கூடாது என்பதில் மிக முக்கியமானது முந்தைய சிசேரியன். கருப்பையில் ஏற்கெனவே தையல் தழும்பு இருந்தால், நிறைமாதத்தில் மிசோபுரோஸ்டால் கொடுக்கும்போது தழும்பு பிரியும் அபாயம் கூடுகிறது. எனவே அதைத் தவிர்க்கிறார்கள். நஞ்சு வாயை மறைத்துக்கொண்டிருந்தாலோ குழந்தை குறுக்கே கிடந்தாலோ சுகப்பிரசவத்துக்கே வழியில்லை. மருந்தின் கேள்வி எழுவதில்லை. ஆஸ்துமாவோ கண் நீர்அழுத்த நோயோ இருந்தால் மருந்து வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

தழும்பு உள்ளவர்களுக்கு மருந்தே இல்லாத ஒரு வழியைப் பல மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறுநீர் போக வைக்கும் ஃபோலி குழாய்தான் கருவி. அதன் நுனியைக் கழுத்து வழியாக உள்ளே செலுத்தி, நுனியிலுள்ள பலூனை 30 முதல் 60 மில்லிலிட்டர் நீரால் ஊதிவிடுகிறார்கள். பலூன் உள்ளிருந்து கழுத்தை அழுத்துகிறது. அந்த அழுத்தமே உள்ளூர்த் திசுவைப் புரோஸ்டகிளாண்டின் சுரக்கத் தூண்டுகிறது. ஆக, கடைசியில் இதுவும் அதே வேதிப்பொருளிடம்தான் போய்ச் சேர்கிறது. வாய் மூன்று நான்கு சென்டிமீட்டர் திறந்ததும் பலூன் தானாக நழுவி விழுந்துவிடும். 2011-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று பலூனையும் ஜெல்லையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிசேரியன் எண்ணிக்கையில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தழும்பு இல்லாதவர்களுக்கும் பலூன் வைப்பது அதிகரித்து வருவதில் எனக்கு வியப்பில்லை.

'மருந்து வைத்தாலே சிசேரியனில்தான் முடியும்' என்ற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், சிக்கல் இல்லாத முதல் பிரசவப் பெண்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 39-ஆம் வாரத்தில் பிரசவத்தைத் தூண்டினார்கள், மற்றதில் காத்திருந்தார்கள். தூண்டிய குழுவில் சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்த குழுவில் 22.2 சதவீதம். அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்கு வாய் பக்குவமாகாத நிலையிலேயே வேலையைத் தொடங்கினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் தூண்ட வேண்டும் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டத் தேவையில்லை. ஆனால் அந்தப் பயப்பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்பது தெரிகிறது.

மீண்டும் அந்த மாலை நேரத்துக்கு வருவோம். மதியம் பரிசோதித்து இரண்டாவது ஜெல்லும் வைத்துவிட்டார்கள். டிரிப் ஏன் போடவில்லை என்று கோபம் வரும் நேரம். கடைசி ஜெல்லுக்கும் ஆக்சிடோசினுக்கும் நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் விடுகிறார்கள். மிசோபுரோஸ்டால் என்றால் கடைசி வேளைக்குப் பிறகு நான்கு மணி நேரம். பட்டையை உருவிவிட்டால் அரை மணி நேரம் போதும். இரண்டு மருந்தும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தால், மேலே சொன்ன மிகைச் சுருக்கத்துக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகும். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிகிற அந்த நேரமும் சிகிச்சைதான். முதல் பிரசவத்தில், கெட்டியான வாயிலிருந்து தொடங்கினால், முழுவதும் முடிய ஒரு நாளுக்கு மேல் ஆவது சகஜம். இரண்டு நாள்கூட ஆகலாம்.

மருத்துவர் பரிசோதித்துவிட்டு வெளியே வரும்போது 'வலி வந்துவிட்டதா' என்று கேட்பதைவிட, 'காலையில் எத்தனை மதிப்பெண், இப்போது எத்தனை' என்று கேட்டுப் பாருங்கள். காலையில் 2 இருந்தது, இப்போது 5 என்று பதில் வந்தால், உள்ளே படுத்திருப்பவருக்கு ஒரு வலிகூட வந்திருக்காவிட்டாலும் மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது.